நகல் பின்தங்கும்போது: வன்னியிலிருந்து தரவு அனுப்புவோர் எதை மாற்றலாம், எதை விடலாம்

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ ஒரு கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது என்று வையுங்கள். அலுவலகத்தின் பின்னறையில் ஒரு சேர்வர். உறுப்பினர் சேமிப்பு, கடன், பங்குப் பணம் எல்லாம் அதிலுள்ள போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில். அதன் நகல் ஒன்று கொழும்பிலோ சிங்கப்பூர் கிளவுட்டிலோ எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். காலையில் நகல் சரியாக நிற்கிறது. மத்தியானத்துக்குள் இரண்டு மணித்தியாலம் பின்தங்கிவிடுகிறது. அப்போது நிர்வாகம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: லைனைப் பெரிதாக்குவதா, இருக்கிற லைனில் செட்டிங்குகளைத் திருத்துவதா?

இது வெறும் வேகப் பிரச்சினை அல்ல. 2009இல் முடிந்த போரின் இடப்பெயர்வுகளில் காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை என்று எல்லாவற்றையும் இழந்து, பிறகு ஒவ்வொன்றாக மீட்க அலைந்த குடும்பங்கள் இங்கே ஏராளம். 2018 டிசெம்பரில் ஒரே இரவு மழையில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வீடுகளுக்குள் வெள்ளம் வந்தது. அப்படியான மண்ணில் ஒரு சங்கத்தின் கணக்கு ஒரேயொரு டிஸ்கில் கிடப்பதை என்னால் ஏற்க முடியாது. நகல் வேண்டும். அது தூரத்தில் இருக்க வேண்டும், பின்தங்காமலும் இருக்க வேண்டும்.

இணையத்தில் கிடைக்கும் திருத்த ஆலோசனைகளில் பெரும்பாலானவை தரவு மையங்களுக்குள், 10 கிகாபிட் கேபிளில் ஓடும் சேர்வர்களுக்காக எழுதப்பட்டவை. அவற்றை அப்படியே எடுத்து ஏ-9 வீதியோரத்து அலுவலகத்தில் ஒட்டினால் பயன் குறைவு. எது இங்கே வேலை செய்யும், எது வேலை செய்யாது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் நோய் எங்கே என்று பாருங்கள்

போஸ்ட்கிரெஸில் பிஜி_ஸ்டாட்_ரெப்ளிகேஷன் என்றொரு காட்சி இருக்கிறது. மாற்றங்களை வரிசையாக எழுதிவைக்கும் பதிவு எந்த இடம் வரை அனுப்பப்பட்டது, நகல் பக்கம் எதுவரை டிஸ்கில் எழுதப்பட்டது, எதுவரை தரவுத்தளத்தில் ஏற்றப்பட்டது என்று தனித்தனியாகக் காட்டும். மூல சேர்வர் நிற்கும் இடத்துக்கும் அனுப்பிய இடத்துக்கும் இடைவெளி கூடிக்கொண்டே போனால் குற்றவாளி லைன். அனுப்பியது, எழுதியது எல்லாம் சரியாக வந்து ஏற்றுவது மட்டும் பின்தங்கினால், கிளவுட்டில் நீங்கள் எடுத்த மலிவு இயந்திரத்தின் டிஸ்க் மெதுவாக இருக்கிறது, அல்லது அங்கே யாரோ நீண்ட அறிக்கை ஓட விட்டிருக்கிறார்கள். ஏற்றுவது மட்டும்தான் பின்தங்குகிறது என்றால் இந்தக் கட்டுரையில் உள்ள எதுவும் உதவாது. டிஸ்கை மாற்றுங்கள், அல்லது அந்த அறிக்கையை நிறுத்துங்கள்.

லைன்தான் என்று உறுதியானால் மூன்று எண்கள் வேண்டும்: மேலே அனுப்பும் வேகம், போய்வரும் நேரம், வழியில் தொலையும் பாக்கெட் வீதம். போய்வரும் நேரத்தையும் இழப்பையும் காட்டும் பிங்கை நாலைந்து தடவையோடு நிறுத்தாமல் ஆயிரம் தடவை ஓட விடுங்கள். காலை பத்து மணிக்கு ஒருமுறை, ஊரே போனும் கையுமாக இருக்கும் இரவு எட்டு மணிக்கு ஒருமுறை, மழை நாளில் ஒருமுறை. வேகத்தை ஐபெர்ஃப் என்ற கருவியால் அளவிடுங்கள். விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது கீழிறங்கும் வேகத்தைத்தான். நகல் போவது மேலே. பல இணைப்புகளில் மேலேறும் வேகம் இறங்கும் வேகத்தில் ஒரு சிறு பங்குதான்.

தூரத்தின் கணக்கையும் மனதில் வைத்திருங்கள். கண்ணாடி இழையில் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர் போகும். கிளிநொச்சியிலிருந்து கொழும்புக்கு வீதி வழியே 330 கிலோமீற்றர் அளவில். அந்தத் தூரத்துக்கு ஒளி போய்வர 3 மில்லிசெக்கனுக்குச் சற்று மேல். கொழும்பிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் ஏறத்தாழ 2,700 கிலோமீற்றர், அதற்கு மட்டும் 27 மில்லிசெக்கன். நடைமுறையில் றவுட்டர்களும் சுற்றுவழிகளும் சேர்ந்து இதைக் கூட்டும். இந்தக் குறைந்தபட்சத்தை எந்தச் செட்டிங்காலும் வெல்ல முடியாது.

பஃபரைப் பெரிதாக்குவது

எல்லோரும் முதலில் சொல்லும் ஆலோசனை இது: இணையத்தில் தரவைக் கொண்டுபோகும் டிசிபி முறையின் பஃபரை (தற்காலிகக் கொள்ளிடத்தை) 16 மெகாபைட்டாக்கு, 64 ஆக்கு. இதன் அடிப்படை உண்மையானது. அனுப்புபவர், மறுபக்கத்திலிருந்து பதில் வரும்வரை ஒரு குறித்த அளவு தரவை மட்டுமே வழியில் விட்டுவைக்க முடியும். அந்த அளவு குறைவாக இருந்தால் லைன் சும்மா கிடக்கும். தேவையான அளவு, வேகத்தைப் போய்வரும் நேரத்தால் பெருக்கினால் வருவது. செக்கனுக்கு 100 மெகாபிட் வேகமும் 50 மில்லிசெக்கன் தாமதமும் என்றால் 625 கிலோபைட்.

பழைய டிசிபியில் இந்த அளவுக்கு 16 பிட் இடம்தான் இருந்தது. அதாவது உச்சம் 64 கிலோபைட். 50 மில்லிசெக்கன் தாமதத்தில் அது 10 மெகாபிட்டுக்குச் சற்று மேல் மட்டுமே தரும், லைன் எவ்வளவு பெரிதானாலும். அதைத் தாண்டத்தான், இந்த அளவைப் பெரிதாக்கும் விண்டோ ஸ்கேலிங் 1992இல் வந்தது. இன்றைய லினக்ஸ் அதைத் தானாகவே பாவிக்கிறது. பெரும்பாலான பதிப்புகளில் பெறும் பஃபரை 6 மெகாபைட் வரையும் அனுப்பும் பஃபரை 4 மெகாபைட் வரையும் தேவைக்கேற்பத் தானே வளர்த்துக்கொள்கிறது. 50 மில்லிசெக்கன் தாமதத்திலும் அது சில நூறு மெகாபிட்டுக்குப் போதும்.

இனி உங்கள் லைனைப் பாருங்கள். மேலேறும் வேகம் 20 மெகாபிட் என்றால் தேவை 125 கிலோபைட். இயல்பாக உள்ளதே பல மடங்கு அதிகம். வாய்க்கால் ஒடுக்கமாக இருக்கும்போது இரணைமடுக் குளத்தின் கதவை எவ்வளவு அகலமாகத் திறந்தாலும் வயலுக்கு வரும் தண்ணீர் கூடாது. ஆகவே இந்தத் தெரிவை நான் வன்னியில் அநேகமாக ஒதுக்கிவிடுவேன். ஒரேயொரு விலக்கு: நடுவில் பழைய ஃபயர்வோல் ஒன்று விண்டோ ஸ்கேலிங்கை வெட்டிவிடுவதும், பழைய விண்டோஸ் சேர்வரில் யாரோ தானியங்கிச் சரிசெய்தலை நிறுத்தி வைத்திருப்பதும் உண்டு. லைன் பெரியது, பாக்கெட் இழப்பும் இல்லை, ஆனாலும் ஒரு தனி இணைப்பு 10 மெகாபிட் அளவில் முட்டி நிற்கிறது என்றால் அங்கே தேடுங்கள்.

பெரிய பாக்கெட், அதாவது 9,000 பைட் ஜம்போ ஃப்ரேம், அதுவும் இதே வகை. ஒரே அறைக்குள் இரண்டு சேர்வர்களுக்கு நடுவே பயன்படும். இணையத்தைக் கடந்து போகாது. ஆனால் எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு, பற்றிய இன்னொரு விஷயம் முக்கியம். பிபிபிஓஇ (பயனர் பெயர், கடவுச்சொல்லோடு இணையும் முறை) வழியான இணைப்பில் எம்டியு 1,492. அதன்மேல் வயர்காட் என்ற விபிஎன் (குறியாக்கம் செய்த சுரங்க இணைப்பு) போட்டால் வழமையாக 1,420. இவை பொருந்தாவிட்டால் ஒரு விசித்திரம் நடக்கும்: லொகின் ஆகும், சின்னச் சின்ன மாற்றங்கள் போகும், பெரிய தரவு வந்தவுடன் இணைப்பு அசையாமல் நிற்கும். றவுட்டரில் பாக்கெட் அளவைக் கட்டுப்படுத்தும் எம்எஸ்எஸ் கிளாம்பிங்கைப் போட்டால் தீரும். இது வேகத்துக்கான திருத்தம் அல்ல, ஓடுவதற்கான திருத்தம்.

கியூபிக்கா, பிபிஆரா

இங்கேதான் உண்மையான தெரிவு இருக்கிறது. லினக்ஸ் 2006 முதல் இயல்பாகப் பாவிப்பது கியூபிக் என்ற நெரிசல் கட்டுப்பாட்டு முறை. பாக்கெட் தொலைந்தால் வழியில் நெரிசல் என்று எடுத்துக்கொண்டு வேகத்தைக் குறைக்கும். நல்ல கேபிளில் அது சரியான முடிவு. ஆனால் தூரத்துக் கோபுரத்தைப் பிடித்து நிற்கும் 4ஜி றவுட்டர், ஈரம் ஏறிய இணைப்புப் பெட்டி, பழைய செப்புக் கம்பி ஆகியவற்றில் நெரிசல் இல்லாமலும் பாக்கெட் தொலையும். அப்போதும் அது தேவையின்றிக் காலைப் பின்னே வைக்கும்.

இதன் விளைவைக் கணக்கிட 1997 முதல் ஒரு சூத்திரம் இருக்கிறது. இழப்பு நூறு மடங்கு கூடினால் வேகம் பத்து மடங்கு குறையும் என்பது அதன் சாரம். 50 மில்லிசெக்கன் தாமதத்தில், பத்தாயிரத்தில் ஒரு பாக்கெட் தொலைந்தால் ஒரு தனி இணைப்புக்கு 28 மெகாபிட் அளவில் கிடைக்கும். நூறில் ஒன்று தொலைந்தால் 3 மெகாபிட்டுக்கும் குறைவு. சூத்திரம் கியூபிக்குக்கு முந்திய முறைக்கு எழுதப்பட்டது. ஆனால் நமது அளவு வேகங்களில் கியூபிக்கும் அதையொட்டித்தான் நடக்கும். ஆக, 1 வீத இழப்புள்ள லைனை 20 மெகாபிட்டிலிருந்து 100 மெகாபிட்டுக்கு உயர்த்தி மாதாமாதம் கூடுதலாகக் கட்டினாலும் நகல் அதே 3 மெகாபிட்டில்தான் போகும். சங்கத்தின் காசை அப்படிச் செலவழிக்க வேண்டாம் என்பதற்காகவே இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

பிபிஆர் என்பது கூகுள் 2016இல் வெளியிட்ட இன்னொரு நெரிசல் கட்டுப்பாட்டு முறை. அதே ஆண்டு டிசெம்பரில் வந்த லினக்ஸ் 4.9 முதல் கேர்னலிலேயே இருக்கிறது. இழப்பைப் பார்த்துப் பயப்படாமல், லைன் உண்மையில் எவ்வளவு வேகத்தில் தரவைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது, குறைந்தபட்சத் தாமதம் எவ்வளவு என்று இரண்டையும் அளந்துகொண்டே அந்த வேகத்தில் அனுப்பும். இழப்புள்ள நீண்ட வழிகளில் வித்தியாசம் பெரிதாக இருக்கும். 4ஜியில் இன்னொரு நன்மையும் உண்டு. அங்கே கோபுரமும் றவுட்டரும் தொலைந்த பாக்கெட்டைத் தாங்களே மறுபடி அனுப்பிக்கொள்வதால் இழப்பு பெரும்பாலும் தாமதமாக மாறிவிடும். கியூபிக் அந்த வரிசையை நிரப்பி நிரப்பி, 50 மில்லிசெக்கனில் இருந்த பிங்கை அரைச் செக்கனுக்கும் மேலே கொண்டுபோகும். பிபிஆர் வரிசையை அவ்வளவு நிரப்பாது.

மாற்றுவது எளிது. லினக்ஸின் சிஸ்சிடிஎல் என்ற செட்டிங் கோப்பில் இரண்டு வரி: இயல்பான வரிசை முறையை எஃப்கியூ என்றும், நெரிசல் கட்டுப்பாட்டை பிபிஆர் என்றும் எழுத வேண்டும். அனுப்பும் பக்கத்தில் மட்டும் செய்தால் போதும். நமது விஷயத்தில் அனுப்புவது கிளிநொச்சி சேர்வர், அது உங்கள் கையிலேயே இருக்கிறது. மறுபக்கம் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பு பழைய முறையிலேயே ஓடும், ஆகவே நகல் இணைப்பை ஒருமுறை அறுத்து மறுபடி தொடங்குங்கள்.

பிபிஆருக்குக் குறையும் உண்டு. முதற் பதிப்பு, ஒரே லைனைப் பகிரும் மற்ற இணைப்புகளை நெருக்கித் தள்ளக்கூடியது. அலுவலகத்தில் ஒரே லைனில் எல்லோரும் இருந்தால் கீழே சொல்லும் வரிசைக் கட்டுப்பாட்டையும் சேர்த்தே செய்யுங்கள். தரவுத்தளம் விண்டோஸில் ஓடினால், பதிவுக் கோப்புகளை உள்வலையமைப்பில் உள்ள ஒரு சின்ன லினக்ஸ் பெட்டிக்கு எடுத்து, வெளியே அனுப்பும் வேலையை அதனிடம் கொடுக்கலாம். பழைய மேசைக் கணினி ஒன்றே இதற்குத் தாராளம்.

பல இணைப்புகளைச் சமகாலத்தில் திறப்பதும் இழப்பைச் சமாளிக்கும் ஒரு வழிதான். கோப்புகளை அனுப்பும் ஆர்சிங்க் நான்கு ஒரே நேரத்தில் ஓடினால் ஒன்று தடுமாறினாலும் மற்றவை போகும். கோப்புகளுக்கு நல்லது. ஆனால் தரவுத்தளத்தின் தொடர் நகலாக்கம் ஒரேயொரு டிசிபி இணைப்பில்தான் போகிறது, அதைப் பிரிக்க முடியாது.

குறைவாக அனுப்புவது

நான் முதலில் எடுக்கும் தெரிவு இதுதான், பிபிஆருக்கும் முன்னால். அனுப்பாத பைட்டுக்கு லைனும் வேண்டாம், டேட்டாவுக்குக் காசும் வேண்டாம். 4ஜி பக்கேஜில் மாத எல்லை உள்ள அலுவலகத்துக்கு இது இரட்டை நன்மை.

போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு செக்பொயின்டுக்குப் பிறகும் (நினைவகத்து மாற்றங்களை டிஸ்கில் எழுதி முடிக்கும் புள்ளி அது), ஒரு பக்கம் முதன்முறை மாறும்போது அந்தப் பக்கத்தை முழுதாக, அதாவது 8 கிலோபைட்டையும், பதிவில் எழுதும். ஒரு உறுப்பினரின் கணக்கில் நூறு ரூபாய் ஏறினாலும் முழுப் பக்கம் போகும். செக்பொயின்ட் இயல்பாக 5 நிமிடத்துக்கு ஒருமுறை. அதை 30 நிமிடமாக்கி, பதிவின் உச்ச அளவையும் அதற்கேற்பக் கூட்டினால் அனுப்ப வேண்டிய அளவு கண்கூடாகக் குறையும். இதற்கான விலை, கரண்ட் போய்ச் சேர்வர் விழுந்தால் எழும்ப இன்னும் கொஞ்ச நேரம் எடுப்பது. யூபிஎஸ் ஒழுங்காக இருக்கும் அலுவலகத்தில் அது தாங்கக்கூடிய விலை. பதிவைச் சுருக்கும் வல் கம்ப்ரெஷன் செட்டிங்கையும் போடுங்கள், முழுப் பக்கங்கள் சுருங்கியே எழுதப்படும்.

அனுப்பும்போதே தரவைச் சுருக்கும் வசதி போஸ்ட்கிரெஸ் தொடர் நகலாக்கத்தில் தானாக இல்லை. சுருக்கம் போட்ட எஸ்எஸ்எச் சுரங்கம் வழியாக அனுப்பலாம். மைஎஸ்கியூஎல் பாவிப்பவர்களுக்கு இது இன்னும் எளிது: 8.0.18 முதல் நகல் இணைப்பிலேயே இசட்ஸ்டாண்டர்ட் சுருக்கம் கிடைக்கிறது.

சில நிமிடத் தாமதம் பரவாயில்லை என்றால், தொடர் இணைப்பை விட்டுவிட்டுப் பதிவுக் கோப்புகளாகவே அனுப்புவதும் நல்ல தெரிவு. ஒவ்வொரு கோப்பும் 16 மெகாபைட். நேர எல்லை வைத்து மூடும்போது பாதி வெறுமையாக இருந்தாலும் 16 மெகாபைட்டாகவே நிற்கும். ஆனால் சுருக்கினால் அந்த வெறுமை மறைந்துவிடும். சுருக்காமல் அனுப்பினால் வேலையே இல்லாத ஞாயிற்றுக்கிழமையிலும் லைன் நிரம்பும்.

ஸ்கான் செய்த அடையாள அட்டை, காணி உறுதி, கையொப்பப் படிவம் போன்ற படங்களைத் தரவுத்தளத்துக்குள் வைக்காதீர்கள். ஜேபெக் படம் ஏற்கெனவே சுருங்கியது, மறுபடி சுருங்காது. அவற்றைக் கோப்புகளாக வெளியே வைத்து, இரவில் ஆர்சிங்கால் அனுப்புங்கள். பகலில் லைன் கணக்குகளுக்கே இருக்கட்டும்.

றவுட்டரில் வரிசை

நகல் முழுவேகத்தில் போகத் தொடங்கினால் கவுண்டரில் இருக்கும் பிள்ளைக்கு வங்கிப் பக்கம் திறக்காது. மேலேறும் வழி நிரம்பினால் கீழிறக்கத்துக்கான பதில் பாக்கெட்டுகளும் அதே வரிசையில் சிக்கும். ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற மென்பொருள் ஓடும் றவுட்டர் ஒன்றில் கேக் அல்லது எஃப்கியூ-கோடெல் என்ற வரிசைக் கட்டுப்பாட்டைப் போட்டு, மேலேறும் எல்லையை அளந்த வேகத்தில் 90 வீதத்துக்குக் கட்டினால் இரு பக்கமும் மூச்சு விடும். பைபரில் இது அருமையாக வேலை செய்யும். 4ஜியில் வேகம் நேரத்துக்கு நேரம் மாறுவதால் எல்லையைத் தாழ்வாக வைக்க வேண்டிவரும், அதில் கொஞ்சம் வீணாகும். இருந்தும் செய்யத்தக்கது.

உடன்நேரமா, பிந்தியா

நகல் பக்கம் எழுதி முடித்தேன் என்று சொல்லும்வரை காத்திருந்து பதிவை உறுதிசெய்வது உடன்நேர நகலாக்கம். ஒரு பைட்டும் இழக்காது. ஆனால் ஒவ்வொரு உறுதிப்படுத்தலும் ஒரு போய்வரலுக்குக் காத்திருக்கும். 50 மில்லிசெக்கன் என்றால் ஒரு கவுண்டரிலிருந்து செக்கனுக்கு 20க்கு மேல் முடியாது. அது கூடப் பரவாயில்லை. மாரியில், ஐப்பசி கார்த்திகையில், லைன் அறுந்தால் சங்கத்தின் கவுண்டரே நின்றுபோகும் என்பதுதான் ஏற்க முடியாதது. இங்கே தூரத்து நகல் பிந்திய வகையாகவே, அதாவது பதிலுக்குக் காத்திராமல் பின்னால் வந்து சேர்வதாகவே, இருக்கட்டும். ஒரு பதிவும் இழக்கக்கூடாது என்றால் அதே கட்டடத்தில் இன்னொரு இயந்திரத்தை உடன்நேர நகலாக வைத்து, கொழும்புக்குப் பிந்தியதாக அனுப்பலாம். என் தெரிவு இதுதான்.

லைன் நாட்கணக்கில் அறுந்தால் வேறொரு ஆபத்து வரும். நகலுக்கு ரெப்ளிகேஷன் ஸ்லொட் வைத்திருந்தால், நகல் வாங்காத பதிவுகளை மூல சேர்வர் அழிக்காமல் குவிக்கும். டிஸ்க் நிரம்பினால் மூலமே நின்றுவிடும். போஸ்ட்கிரெஸ் 13 முதல் இதற்கு மேலெல்லை வைக்கலாம். வையுங்கள். எல்லை தாண்டினால் நகலைப் புதிதாகக் கட்ட வேண்டும், ஆனால் கவுண்டர் ஓடும்.

4ஜி இணைப்பில் பெரும்பாலும் உங்களுக்கென்று பொது ஐபி முகவரி கிடையாது. கொழும்பு நகல் உங்களைத் தேடி வந்து இணைய முடியாது. வயர்காட் சுரங்கத்தைக் கிளிநொச்சிப் பக்கத்திலிருந்து வெளிநோக்கித் திறந்து, உயிர்ப்புப் பாக்கெட்டை 25 செக்கனுக்கு ஒருமுறை அனுப்ப விடுங்கள். லினக்ஸ் தானாக ஓர் இணைப்பு உயிரோடிருக்கிறதா என்று பார்ப்பது இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகுதான். தொலைபேசி வலையமைப்பு அதற்கு வெகு முன்னரே இணைப்பை மறந்துவிடும். தரவுத்தளத்தின் டிசிபி உயிர்ப்பு நேரத்தை ஒரு நிமிடத்துக்குக் குறையுங்கள்.

லைனையே மாற்றுவது

இவை எல்லாம் செய்தும், ஒரு நாளில் உருவாகும் மாற்றம் ஒரு நாளில் போகாவிட்டால் லைன் உண்மையில் சிறிது. தெருவில் பைபர் வந்திருந்தால் அதை எடுங்கள், 4ஜியை மாற்றுவழியாக வைத்திருங்கள். துணுக்காய், ஒட்டுசுட்டான் பக்கம் உள்ளே இருக்கும் கிளைகளுக்குப் பைபர் எட்டாவிட்டால், 2025 முதல் இலங்கையில் கிடைக்கும் ஸ்டார்லிங்க்கும் ஒரு தெரிவு. ஆனால் அதன் மேலேறும் வேகம் இறங்கும் வேகத்தைவிட நன்றாகக் குறைவு, கடும் மழையில் தடுமாறும். அதிலும் பிபிஆரே பொருத்தம்.

நகலைச் சிங்கப்பூரில் வைப்பதா கொழும்பில் வைப்பதா என்றால், பிந்திய நகலுக்குத் தாமதம் பெரிய வித்தியாசம் இல்லை. உறுப்பினரின் தனிப்பட்ட விவரங்கள் நாட்டைவிட்டு வெளியே போவதைத்தான் நிர்வாகம் யோசிக்க வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை வாசித்துவிட்டு முடிவெடுங்கள். வவுனியாவில் நம்பகமான இடம் கிடைத்தால் அங்கேயும் ஒரு நகல் நல்லது, ஆனால் அது மட்டும் போதாது. ஒரே மழை இரண்டு ஊரையும் பிடிக்கும்.

முதல் நகலை எப்படி அனுப்புவது என்பதும் ஒரு தெரிவு. 500 கிகாபைட்டை 10 மெகாபிட் வழியில் ஏற்றினால் நிற்காமல் போனாலே நாலரை நாளுக்கு மேல். நடைமுறையில் அதைவிடக் கூடும், அத்தனை நாளும் அலுவலகம் தவிக்கும். ஹார்ட் டிஸ்கில் குறியாக்கம் செய்து எழுதி, பொறுப்பான ஒருவரிடம் கொடுத்து யாழ்தேவியில் ஏற்றிவிட்டால் அன்றைக்கே கொழும்பில். கடவுச்சொல் டிஸ்கோடு போகக்கூடாது, தனியாகப் போகட்டும். டிஸ்க் அங்கே ஏற்றப்படும்வரை சேரும் மாற்றங்களைப் பதிவுக் கோப்புகளாக வைத்திருந்து, பிறகு லைனில் அனுப்புங்கள். டிஸ்கை எடுத்த நேரத்திலிருந்து ஒரு கோப்பும் விடுபடாமல் இருக்கிறதா என்று வரிசை எண்ணைப் பார்த்தபின் தொடர் நகலாக்கத்தைத் தொடங்கலாம்.